வெரிகோஸ் காலுக்கு கிளினிக் லெட்டர்: ஒன்லைன் வினாக்கொத்தை வைத்து எப்படி வாங்குவது

மலையில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறிக்கிறவர்கள், ஃபெக்டரியில் ராத்திரி வேலைக்கு நிற்கிறவர்கள், டவுன் துணிக்கடையில் உட்கார விடாமல் நிறுத்தி வைக்கப்படுகிறவர்கள். இவர்களில் யாருக்காவது காலில் இரத்தம் ஓடும் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தால், அதாவது வெரிகோஸ் இருந்தால், அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போகிற மகளுக்கோ மகனுக்கோதான் இதை எழுதுகிறேன். அம்மாவுக்காக இந்த வேலையில் இறங்கியபோது ஒவ்வொரு இடத்திலும் தட்டுத் தடுமாறித்தான் வழி பிடிபட்டது. ஓ.பி.டி.யில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், டொக்டருக்கு உங்களோடு பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், பின்னால் வரிசை வாசல்வரை நிற்கும், அம்மாவோ "கால் கொஞ்சம் உளையுது சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார், அவர்களும் பனடோல் எழுதி அனுப்பிவிடுவார்கள். குற்றம் யார்மேலும் இல்லை, சொன்னது அவ்வளவுதான்.

அந்த இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கத்தான், கால் எப்படி இருக்கிறது என்று கேட்கும் ஒன்லைன் வினாக்கொத்து உதவும். அது நோயைக் கண்டுபிடிக்கிற கருவி இல்லை. மார்க் கூடினால் வரிசையில் முன்னுக்கு விடுவார்கள் என்பதும் இல்லை. மொத்த மார்க்கை விட்டுவிடுங்கள், அதற்குள் இருக்கும் நாலைந்து பதில்கள்தான் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு டொக்டர் எழுதும் லெட்டர் கிடைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

1. முதலில் காலைப் பாருங்கள், போனை அப்புறம் எடுக்கலாம்

இரண்டு நிலைமைகளில் வினாக்கொத்துக்கு வேலையே இல்லை.

புடைத்த நரம்பு உடைந்து இரத்தம் வந்தால் உடனே படுக்க வையுங்கள், காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்குங்கள், சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸுக்குக் காசு கிடையாது. கோப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம், தொடையில் கயிறு கட்டவும் வேண்டாம். இரத்தம் நின்றுவிட்டது என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஏனென்றால் அதே இடம் மறுபடி உடையலாம். லயத்துக்கு வண்டி ஏறாது என்றால் எந்தச் சந்தியில் நிற்பார்கள் என்று போனிலேயே கேட்டுக்கொண்டு, காலைத் தூக்கி வைத்தபடியே ஆளை அங்கே கொண்டுபோங்கள்.

இன்னொன்று, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைச்சதை வலித்தால் அது உள்ளே இரத்தம் கட்டிய அறிகுறியாக இருக்கலாம். அந்தக் காலைத் தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ மறுபடியும் 1990தான்.

2. எந்த வினாக்கொத்து

தேடினால் பலதும் வரும். நான் சொல்வது அபர்டீன் வினாக்கொத்து. ஸ்கொட்லாந்தில் உருவானது, 13 கேள்விகள், மார்க் 0 முதல் 100 வரை, கூடினால் கால் மோசம் என்று அர்த்தம். இங்கிலாந்தின் அரச சுகாதார சேவை சில வருடங்கள் வெரிகோஸ் ஒபரேஷனுக்கு முன்னும் பின்னும் நோயாளிகளிடம் இதை நிரப்பி வாங்கியது. சிவிக் என்று 20 கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது, அது கடந்த நாலு வாரத்து வலி, தூக்கம், மனநிலை பற்றிக் கேட்கும். மோசமானது இல்லை, ஆனால் தோலில் என்ன மாற்றம் என்று கேட்காது. லெட்டருக்கு முக்கியமே தோல்தான். அதனால் அபர்டீன்.

தனியார் நிலையங்களின் பக்கங்களில் "மூன்று நிமிடத்தில் உங்கள் காலைச் சோதியுங்கள்" என்று வரும் ஃபோர்ம்களில் கவனம். கேள்விகள் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், கடைசியில் போன் நம்பர் கொடுத்தால்தான் முடிவு தெரியும் என்பார்கள், கொடுத்த மறுநாளிலிருந்து பெக்கேஜ் விலை சொல்லி அழைப்பு வரும். முடிவுக்கு முன்னால் போன் நம்பரோ அடையாள அட்டை இலக்கமோ கேட்டால் மூடிவிடுங்கள்.

கேள்விகள் இங்கிலீஷில் இருக்கும். போனின் மொழிபெயர்ப்பை நம்பி டிக் போடாமல், இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்லட்டும். தோட்டத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதால் டவுனுக்குப் போகும்போதே பக்கங்களை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் கொப்பியில் பதில் எழுதலாம். அதுவே போதும்.

3. எப்போது கேட்பது, யார் கேட்பது

அபர்டீன் கேட்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. பொங்கலுக்கோ தேர்த் திருவிழாவுக்கோ நாலு நாள் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்த பிறகு கேட்டால் எல்லாம் குறைவாகத்தான் வரும். வழக்கமாக வேலைக்குப் போன இரண்டு வாரத்தை எடுங்கள். நேரம், வேலை முடிந்து வந்த பின்னேரம். காலையில் வீக்கம் வடிந்திருக்கும், அம்மாவும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார்.

மகன்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைப்பேறு எத்தனை, கலைந்தது உண்டா, குடும்பக் கட்டுப்பாட்டு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறாரா என்பதெல்லாம் டொக்டருக்குத் தேவைப்படும், அதை அம்மா உங்களிடம் சொல்லமாட்டார். அக்கா, அண்ணி, சித்தி யாரையாவது கேட்கச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள்.

4. வழுக்குகிற கேள்விகள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். வினாக்கொத்தை எழுதியவர்கள் மனதில் இருந்த ஆளும் நம் வீட்டு ஆளும் ஒன்றில்லை, அதனால் நேர்மையாகப் பதில் சொன்னாலும் மார்க் தப்பாக வரும்.

வலி எத்தனை நாள் என்ற கேள்வி. பதில்கள் இல்லவே இல்லை, 1 முதல் 5 நாள், 6 முதல் 10 நாள், 10 நாளுக்கு மேல் என்று இருக்கும். "வலிக்குதா" என்று கேட்டால் இல்லை என்பார், ஏனென்றால் அவர் கணக்கில் வலி என்றால் எழுந்து நடக்க முடியாதது. உளைச்சல், கடுப்பு, கனம், ராத்திரியில் கெண்டை பிடித்து இழுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உளைச்சலும் இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

வலிக்குளிசை எத்தனை நாள் என்பதில் பனடோலையும் டிஸ்பென்சரியில் கொடுத்த குளிசையையும் கணக்கெடுங்கள். தைலம் குளிசை இல்லை, அதைத் தனியாக எழுதலாம். ஆனால் தலைவலிக்குப் போட்ட பனடோலைக் கால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அழுத்தச் சாக்ஸ் போடுகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். போடுகிறவருக்கு மார்க் கூடும், போடாதவருக்கு 0. யோசித்துப் பாருங்கள், சாக்ஸ் வாங்க வசதி இல்லாதவரின் கால் வசதியுள்ளவரின் காலைவிட நல்ல கால் என்று அந்தத் தாள் சொல்கிறது! உடுப்பைத் தெரிவு செய்யும்போது காலை மறைக்க யோசிப்பீர்களா என்ற கேள்வியும் இப்படித்தான். முழங்காலுக்குக் கீழே படங்கு கட்டி மலைக்குப் போகிறவரிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். 0 போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மொத்த மார்க்கைப் பெரிதாக எடுக்காதீர்கள் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலைக்கு இடைஞ்சலா என்ற கேள்வி. "வேலைக்குப் போகாம இருந்தா பேர் போடுவாங்களா" என்று திருப்பிக் கேட்பார்கள், பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. ஆம், இல்லை என்று மட்டும் பார்க்காதீர்கள், வேலைக்குப் போனேன் ஆனால் வேலை கெட்டது என்ற மாதிரி இடைப்பட்ட பதில்களும் அதில் உண்டு. கேட்க வேண்டியது இப்படி: முன்பு எத்தனை கிலோ எடுத்தீர்கள், இப்போது எவ்வளவு? இடையில் உட்கார வேண்டியிருக்கிறதா? அரைப் பேரோடு திரும்பிய நாள் உண்டா? மேட்டு மலைக்குப் போகாமல் யாரிடமாவது மாற்றிக் கேட்டீர்களா? இந்தப் பதில்களை அப்படியே எழுதி வையுங்கள், டொக்டருக்கு மார்க்கைவிட இது நன்றாகப் புரியும்.

தோல் நிறமும் அரிப்பும். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் தோல் கபிலமாகி, காய்ந்து, சொறிகிறதா என்று நீங்களே பாருங்கள், அவரிடம் கேட்டுவிட்டு விடாதீர்கள். கேட்டால் களைக்கு அடிக்கிற மருந்து பட்டது, மழையில் நனைந்தது என்று காரணம் வரும். இருக்கலாம். ஆனால் பக்கத்திலேயே புடைத்த நரம்பும் இருந்தால் அது இரத்தம் தேங்கி வந்த நிறமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கடைசியாகப் புண். நம் பக்கத்தில் இதுதான் அதிகமாகத் தவறிப்போகிறது. காலில் புண் உண்டா என்றால் "அது அட்டை கடிச்சி சொறிஞ்சது" என்பார்கள். அட்டைக் கடி சில நாளில் ஆறிவிடும். முழங்காலுக்குக் கீழே எந்தக் காரணத்தால் வந்த காயமாக இருந்தாலும் இரண்டு வாரமாகியும் ஆறவில்லை என்றால் அது "ஆம்". முன்பு வந்து ஆறிப்போன புண்ணின் தழும்பு இருந்தாலும் குறித்து வையுங்கள். சீனி வருத்தம் உள்ளவர் என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, உடனே காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி ஒரு படம், இரண்டு காலின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்திருக்கும், நரம்பு புடைத்த இடத்தில் கோடு போட வேண்டும். ஆளை நிற்க வைத்துப் பார்த்துக் கோடு போடுங்கள். படுத்தால் நரம்பு அமுங்கிவிடும்.

இப்போது அந்த நாலைந்து பதில்களுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் நைஸ் என்ற அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டல், யாரை இரத்தநாளப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது: வலி, வீக்கம், கனம், அரிப்பு மாதிரித் தொல்லை உள்ளவர்கள், தோல் நிறம் மாறியோ எக்ஸிமா வந்தோ இருப்பவர்கள், புடைத்த நரம்பு கல் மாதிரி இறுகி வலிப்பவர்கள், இரண்டு வாரத்தில் ஆறாத கால்புண் உள்ளவர்கள், அப்படிப் புண் வந்து ஆறியவர்கள். இரத்தம் வருகிறவர்களை உடனே அனுப்ப வேண்டும். அது அங்கத்தைய விதி, இங்கே ஓ.பி.டி.யில் அதைக் காட்டி வாதாட முடியாது. ஆனால் எதை முதலில் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பட்டியல் நான் பார்க்கவில்லை.

5. எல்லாவற்றையும் ஒரே பக்கமாக்குங்கள்

பிரிண்ட் எடுத்த முழு வினாக்கொத்தை டொக்டர் மேசையில் வைத்தால் புரட்டக்கூட நேரம் இருக்காது. ஒரு பக்கம், பெரிய எழுத்து, முடிந்தால் இங்கிலீஷில். டொக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குச் சிங்களத்தில் நோயை விளக்கத் தெரியாமல் இருக்கலாம், ஒரு தாள் இரண்டு பேரையும் காப்பாற்றும். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிற டீச்சரிடம் கொடுத்தால் எழுதித் தருவார்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதல் வரியில் வயது, தொழில், எந்தக் கால், எத்தனை வருடமாக. இரண்டாவது வரியில் புண், இரத்தம், தோல் நிறம், இறுகிய நரம்பு, இவற்றில் இருப்பது மட்டும், எப்போதிருந்து என்பதோடு. மூன்றாவதில் வலி எத்தனை நாள், குளிசை எத்தனை நாள், வேலையில் என்ன குறைந்தது. அப்புறம் மற்ற வருத்தங்கள், தினமும் போடும் மருந்துகள், மருந்து ஒவ்வாமை, முன்பு இரத்தம் கட்டியது உண்டா, பிள்ளைப்பேறு, குடும்பத்தில் வேறு யாருக்கு. அபர்டீன் மார்க்கை அடியில் ஒரு மூலையில் போட்டால் போதும்.

இருப்பதைக் கூட்டி எழுதாதீர்கள். இல்லாத புண்ணை எழுதினால் காலைத் தூக்கிப் பார்த்தவுடனே தெரிந்துவிடும், பிறகு மீதித் தாளையும் நம்பமாட்டார்கள்.

போட்டோ எடுப்பதானால் பின்னேரம், வெளிச்சத்தில், நிற்க வைத்து, முகம் இல்லாமல். முன், பின், உள்பக்கக் கணுக்கால், மூன்று படம் போதும். போனில் இருந்தால் சரி, குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், அம்மாவுக்குப் பிடிக்காது.

6. எங்கே போவது, எதை எடுத்துப்போவது

தோட்ட டிஸ்பென்சரியில் காட்டித் துண்டு வாங்கிப் போவது நல்லதுதான், ஆனால் அது கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி எதிலும் ஓ.பி.டி.க்கு நேரே போகலாம். கிளினிக்குக்குத்தான் லெட்டர் வேண்டும், அதை ஓ.பி.டி. டொக்டர் எழுதுவார், வெளியில் காசு கொடுத்துப் பார்க்கும் டொக்டரும் எழுதலாம்.

பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை கிளினிக் இருக்காது. ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்தவர்களுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை, மற்றவர்களுக்கு நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, ஊவாப் பக்கம் பதுளை. இரத்தநாள நிபுணரிடம் காட்ட வேண்டும் என்றால் பெரும்பாலும் கண்டிக்குத்தான் எழுதுவார்கள். எந்தக் கிழமை எந்த கிளினிக் என்று முதல் நாளே போன் பண்ணிக் கேளுங்கள். போயா தினத்திலும் அரசாங்க விடுமுறையிலும் கிளினிக் இல்லை, காலண்டரைப் பார்க்காமல் முதல் பஸ்ஸில் ஏறினால் ஒரு நாள் பேரும் போய் பஸ் காசும் போகும்.

கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, பழைய டயக்னோசிஸ் கார்ட் எல்லாம், பிரஷர் அல்லது சீனி கிளினிக் கொப்பி, இப்போது போடும் குளிசைகளின் அட்டைகள், முன்பு ஸ்கேன் எடுத்திருந்தால் ரிப்போர்ட், நீங்கள் எழுதிய ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் போட்டோ கொப்பி ஒன்று. ஆஸ்பத்திரி வாசலில் விலை கூட, முதல் நாளே கொமியூனிகேஷனில் எடுத்துவிடுங்கள். முழங்கால்வரை சுலபமாகத் தூக்கக்கூடிய உடுப்பு போட்டுப் போகச் சொல்லுங்கள், இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் உடுப்பைத் தூக்கக் கூச்சப்பட்டுக் காலைக் காட்டாமலே வந்தவர்களை எனக்குத் தெரியும்.

டொக்டர் முன்னால் தாளை நீட்டிவிட்டு ஒரே வசனம்: "கால்ல ஆறாத புண் இருக்கு, நரம்பும் புடைச்சிருக்கு, சேர்ஜன் கிளினிக்குக்கு லெட்டர் தருவீங்களா சேர்?" எது உங்கள் நிலையோ அதைச் சொல்லுங்கள். பனடோல் மட்டும் எழுதினால் சண்டை வேண்டாம், "எத்தனை நாள்ல குறையாட்டி திரும்ப வரணும்?" என்று கேட்டு அதைத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

லெட்டரில் சீ என்ற இங்கிலீஷ் எழுத்தோடு ஒரு இலக்கம் இருந்தால் பயப்படாதீர்கள், கால் எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டுவதுதான் அது. 2 என்றால் புடைத்த நரம்பு, 3 வீக்கம், 4 தோல் மாற்றம், 5 ஆறிய புண், 6 ஆறாத புண்.

7. ஸ்கேன், சாக்ஸ், செலவு

அரசாங்கத்தில் ஓ.பி.டி., கிளினிக், ஒபரேஷன் எல்லாம் இலவசம். காசு போவது பஸ்ஸுக்கும், சாப்பாட்டுக்கும், வேலை போன நாளுக்கும், அப்புறம் வெளியில் வாங்கச் சொல்லும் சாமான்களுக்கும்.

காலில் இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கும் டூப்ளெக்ஸ் ஸ்கேன்தான் முக்கியமான பரிசோதனை. ஆஸ்பத்திரியில் திகதி தள்ளிக் கிடைத்து, வெளியில் எடுக்கலாமா என்று யோசித்தால், விலை ஒரு காலுக்கா இரண்டு காலுக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்யுங்கள், போனில் சொல்வது பெரும்பாலும் ஒரு கால் விலை. சேர்ஜன் எழுதித் தருமுன் நீங்களாகப் போய் எடுக்க வேண்டாம். சாதாரண ஸ்கேனை எடுத்து வந்து, இது இல்லை வேறு என்று திருப்பி அனுப்பினால் காசு தண்டம்.

சேனல் பண்ணுவதானால், அதாவது தனியாரில் காசு கட்டி டொக்டரைப் பார்ப்பதானால், டொக்டர் கட்டணத்தோடு ஆஸ்பத்திரிக் கட்டணமும் புக்கிங் கட்டணமும் சேரும், மூவாயிரத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு. அதே டொக்டர் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் வேலை செய்கிறவராக இருந்தால் தன் கிளினிக்குக்கே துண்டு எழுதித் தருவாரா என்று தயங்காமல் கேளுங்கள். சிலர் தருவார்கள்.

சாக்ஸ் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பார்மசியில் சொல்கிறார்கள் என்று வாங்கி மாட்டிவிடாதீர்கள், முக்கியமாக சீனி வருத்தம் உள்ளவருக்கும் புகைப்பவருக்கும். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைத்திருந்தால் இறுக்கமான சாக்ஸ் காலையே கெடுத்துவிடும், அதனால் நாடி ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். வாங்கச் சொன்னால் எந்த கிளாஸ், அதாவது எவ்வளவு இறுக்கம், என்று எழுதி வாங்குங்கள், கணுக்கால், கெண்டை அளவைக் காலையில் வீக்கம் வருமுன் எடுங்கள். ஈர மலையில் அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்க முடியுமா என்பதையும் டொக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒபரேஷன், லேசர் எதுவும் பொதுவாகச் செய்யமாட்டார்கள், பிள்ளை பிறந்த பிறகுதான். ஆனால் மிட்வைஃபிடம் கட்டாயம் காட்டுங்கள்.

8. திகதி கிடைத்த பிறகு

முதல் கிளினிக் நாளிலேயே ஒபரேஷன் என்று யாரும் எதிர்பார்க்காதீர்கள். பார்ப்பார்கள், ஸ்கேனுக்குத் திகதி கொடுப்பார்கள், ரிப்போர்ட்டோடு மறுபடி வரச் சொல்வார்கள், அதற்குப் பிறகுதான் பட்டியலில் பெயர் ஏறும், இதெல்லாம் மாதக் கணக்கில் இழுக்கும். கொடுக்கும் போன் நம்பர் எப்போதும் எடுபடுகிற நம்பராக இருக்கட்டும், மலையில் சிக்னல் இல்லாத அம்மாவின் நம்பர் வேண்டாம். வேலைத்தலத்துக்கு வைத்தியச் சான்றிதழ் தேவை என்றால் அன்றைக்கே கேளுங்கள், அடுத்த நாள் போய் நேற்றைய திகதிக்குக் கேட்டால் தரமாட்டார்கள்.

என்ன சிகிச்சை என்று முடிவானவுடன் வேலைக்குத் திரும்ப எத்தனை நாள் என்று கேளுங்கள். லேசர், ரேடியோ அலை மாதிரிச் சூடு வைத்து மூடும் முறைகளில் பொதுவாக அன்றைக்கே எழுந்து நடமாடலாம், வெட்டி எடுக்கும் ஒபரேஷனுக்கு ஓய்வு கூடத் தேவை. "வேலை" என்று மட்டும் சொன்னால் மேசை வேலை என்று நினைத்து நாள் சொல்லிவிடுவார்கள். சரிவில் கூடையோடு ஏறி இறங்குகிற வேலை என்று சொல்லுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் அதே 13 கேள்விகளை மாதம் ஒரு தடவை கேட்டு, திகதி போட்டு அதே தாளில் எழுதி வாருங்கள். பதில் ஒரு படி மோசமானால், முக்கியமாக முன்பு இல்லாத புண் வந்தாலோ தோல் கறுத்தாலோ நரம்பு இறுகினாலோ, கொடுத்த திகதிவரை காத்திருக்காமல் தாளையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஓ.பி.டி.க்குத் திரும்பிப் போய், திகதியை முன்னுக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.